வானம் தெளிந்தால் பயமில்லை

26-11-2000, ஞாயிறு

பனிக்காலம் முடியும்வரை பாலாமணி விழாமலிருக்க:

1. மழை, மேகமூட்டம் — தோட்டத்துக்கு இறங்க விடக்கூடாது.
2. வானம் தெளிந்திருந்தால் பயமில்லை. போகலாம்.
3. படிகளில் பாசி — தேய்த்துக் கழுவுவது என் பொறுப்பு.
4. கம்பளி உடுப்பு எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது. (எனக்கும்.)

காரணம் இது. நேற்று கோத்தகிரியில் டாக்டர் என் மனைவியின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அம்மாவுக்கு எலும்பு தேஞ்சிருக்குதுங்க சார். விழுந்தாங்கன்னா இடுப்பு போயிரும். வெயில்ல நல்லா நடக்கட்டும். விழாம நடக்கட்டும்."

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நடப்பதை அவள் எடுத்துக்கொண்டாள். விழாமல் பார்த்துக்கொள்வது என் தலையில் விழுந்தது.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவனுக்கு வானத்தைப் பார்த்து முடிவெடுக்கத் தெரியாதா? தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

28-11-2000

விதிகளைப் பாலாமணிக்குப் படித்துக் காட்டினேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அலமாரியைப் பார்த்தபடி.

"அலமாரி சரின்னு சொல்லிருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

3-12-2000

செல்லக்கண்ணு சொல்லிக்கொள்ள வந்தான். நம் அரை ஏக்கரில் இத்தனை நாளாகக் கொழுந்து பறித்துத் தந்தவன். பச்சைத்தேயிலை விலை இப்படிப் பாதாளத்தில் கிடந்தால் அவனும்தான் என்ன செய்வான்? குடும்பத்தோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறான்.

"பனிக்குப் பயந்து பனியனுக்குப் போறான்" என்று பாலாமணி சிரித்தாள். அவன் போன பிறகு சிரிக்கவில்லை.

இனிப் பறிப்பது அவள்தான். நான் ஒருமுறை பறித்துப் பார்த்தேன். முற்றின இலையும் சேர்ந்து வந்துவிட்டதென்று பேக்டரியில் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

11-12-2000

மேகம். விதி ஒன்று. அவள் உள்ளே.

12-12-2000

மேகம்.

13-12-2000

மேகம். கொழுந்து முற்றுகிறது. அவள் சாக்கை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறாள். வெயிலில் நடக்கச் சொன்னாரே டாக்டர்... நான் இப்படி உட்கார வைத்தே அவள் எலும்பைத் தேய்க்கிறேனோ?

14-12-2000

சாக்கை எடுத்துக்கொண்டு மேகத்துக்குள் போயே போய்விட்டாள். ஆள் தெரியவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் குரல் மட்டும் வந்தது: "ஏனுங்க, இன்னும் விழலீங்க."

கேலிதான். ஆனாலும் அவள் திரும்பும்வரை ஜன்னலை விட்டு நான் நகரவில்லை.

6-1-2001, சனி

ஒருவழியாக வானம் தெளிந்தது. ஒரு துண்டு மேகம் இல்லை. நாளைக் காலை தாராளமாகப் போகலாம் என்று நானே அனுமதி கொடுத்தேன். "ஐயா உத்தரவு" என்றாள்.

சாயங்காலம் தோட்டத்துக்கு இறங்கும் சிமெண்ட் படிகளைத் தேங்காய் நாரால் தேய்த்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பாசி பொட்டுக்கூட இல்லை. இப்போது வானம் முழுக்க நட்சத்திரம். நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

8-1-2001

நேற்று எழுத முடியவில்லை. இடது கை மாவுக்கட்டில். எழுதுகிற கை தப்பியது.

விடிந்ததும் படிகளெல்லாம் பளபளவென்று மின்னின. சுத்தம் என்று நினைத்துப் பெருமைகூடப் பட்டேன். நான் ஊற்றின தண்ணி! அத்தனையும் உறைஞ்சு கண்ணாடியாக் கிடந்திருக்கு. பாலாமணி முதல் படியில காலை வெச்சா. ஐயோ, அவ இடுப்பு —

ஓரத்துச் செடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்துவிட்டாள். கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளோடு அப்படியே சறுக்கி, கடைசிப் படியில், கைநழுவி முன்னால் விழுந்திருந்த சாக்கின் மேல் போய் நின்றாள். நின்று, சிரித்தாள்.

அவளைத் தூக்க நான் ஓடினேன். இரண்டு ஸ்வெட்டர், காதுவரை குல்லாய், செருப்புக்குப் பதில் கம்பளிக் காலுறை. மேல்படியைக்கூடத் தாண்டவில்லை. ஊன்றின கையில் ஒரு சத்தம் கேட்டது.

"அசையாதீங்க, நான் வாரேன்" என்று படியை விட்டு மண் பக்கமாகத் தவழ்ந்து ஏறி வந்தாள். எலும்பு தேய்ந்தவள்!

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட நர்ஸ் ஜெஸிந்தா என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவளாம். எப்படி விழுந்தேன் என்று கேட்டாள். வானம் தெளிவாகத்தானே இருந்தது என்றேன். மாவைக் குழைத்துக்கொண்டே ஒப்பித்தாள்: "மேகம் பூமிக்குக் கம்பளிங்க சார். கம்பளி இல்லாத ராத்திரிதான் பூமி குளுந்து பனி உறையும். நீங்க நடத்துன பாடமுங்க."

அந்த விடைக்கு முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

பாலாமணிக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். திரும்பவும் கேட்டேன். திரும்பவும் சொன்னார்.

17-1-2001

ஜன்னலை மேகம் மூடியிருக்கிறது. "கம்பளி போத்தியிருக்குது, நான் இறங்குறேன். நீங்க ஊட்டை உட்டு வெளிய வராதீங்க. படியத் தொடாதீங்க" என்று உத்தரவு போட்டுவிட்டுச் சாக்கோடு போனாள்.

இதை எழுதும்போதே மேகத்துக்குள்ளிருந்து கேட்கிறது: "ஏனுங்க, விழுந்துட்டீங்களா?"

இல்லை என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். சற்றுப் பொறுத்து மறுபடி கேட்கிறாள். மறுபடி இல்லை என்கிறேன்.

படி கழுவும் மூன்றும் கம்பளி போடும் நான்கும் பற்றி இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை. மேகத்தில் இறங்கக்கூடாதென்ற முதல் விதியை அவளே பேனா வாங்கி அடித்துவிட்டாள். வானம் தெளிந்தால் பயமில்லை என்ற இரண்டாம் விதி தவறு. அதை நான் அடித்தேன்.