விசாரணைக் கூடத்தில் பிடுங்கப்பட்ட ஒரு சாண் கேபிள்

அனுப்புநர்:
கைப்பேசி பழுதுபார்ப்பவர்,
கடை எண் 14, பேருந்து நிலைய வணிக வளாகம்.

பெறுநர்:
இணை ஆணையர் அவர்கள்,
தொழிலாளர் நலத்துறை.

பொருள்: செவித்திறன் குறைந்த மனுதாரர்களுக்காக விசாரணைக் கூட ஆம்ப்ளிஃபையரில் நான் கொடுத்த இணைப்பு அகற்றப்பட்டது – மீண்டும் இணைக்க ஆணை வேண்டுவது – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய அம்மா,

1. என் அண்ணன், தகடு அடிக்கும் பிரஸ் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் நின்று காதைப் பறிகொடுத்தவர். மிச்சமாவது தங்க வேண்டுமானால் இரைச்சலில்லாத பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். நிர்வாகம் மறுத்ததால் தங்கள் துறையில் மனு செய்தார்.

2. மூன்று விசாரணைகளுக்கும் முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் அமர்ந்தார். மூன்றிலும் "மனுதாரர் ஆஜராகவில்லை" என்றே பதிவாகியுள்ளது! மைக்கில் பெயரைக் கூப்பிட்டது அவருக்குப் புரியவில்லை. அவர் மாட்டியிருக்கும் காது மிஷினுக்கு மனிதக் குரல், மின்விசிறி, பக்கத்து இருமல் என்ற பேதம் கிடையாது. எல்லாவற்றையும் சேர்த்துக் காதில் கொட்டும். பக்கத்தில் இருந்து நான் சொல்கிறேன் என்றேன். "நீ சொல்லி நான் கேக்கறதுக்கு, நீயே மனு போட்டிருக்கலாமே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

3. நான்காம் முறையும் வராவிட்டால் மனு தள்ளுபடி என்று கடிதம் வந்தது. அந்த விசாரணை நாளில் கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். மைக் ஆபரேட்டரிடம் கேட்டுக்கொண்டு, ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்திலிருந்து ஒரு சாண் கேபிளைத் தீப்பெட்டி அளவேயுள்ள புளூடூத் டிரான்ஸ்மிட்டரில் செருகினேன். அண்ணனின் காது மிஷினிலும் புளூடூத் உண்டு என்பதால், அங்கிருந்து அதற்கு வயரே வேண்டாம். மைக்கில் பேசுவது மட்டும் நேராக அவர் காதுக்குள் போகும்.

அம்மா, அந்தக் கணத்தை எப்படி எழுதுவேன்! விசாரணை அலுவலர் பெயரைப் படித்ததும் அண்ணன் துள்ளி எழுந்தார். "இருக்கேன் சார்! நாலு மாசமா இங்கயேதான் இருக்கேன்!" கூடமே சிரித்தது, அலுவலரும் சிரித்தார். பதினொரு கேள்விகள். ஒன்றுக்குக்கூட அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. அவரைக் கருவிக் கிடங்குக்கு மாற்ற அன்றே உத்தரவானது. வீடு வரும் வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். நான் அழுதுகொண்டே வந்தேன்.

4. செய்தி பரவி, மறுமாதம் நூற்பாலைத் தொழிலாளி அக்கா ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய மிஷின் பழையது, புளூடூத் கிடையாது. அதனாலென்ன? மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று டிரான்ஸ்மிட்டரை நான் விட்டுவந்திருந்த அதே ஆம்ப்ளிஃபையரிலிருந்து நீள வயரில் ஹெட்போன் கொடுத்தேன். மிஷினைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டு, "ஐயோ, தெளிவா கேக்குதும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது விசாரணைக் கூடத்தின் கண்காணிப்பாளர் வந்து, "யாரைக் கேட்டு மாட்டினீங்க? ஷாக் அடிச்சா யாரு பொறுப்பு?" என்று எல்லாவற்றையும் பிடுங்கி எடுத்துச் சென்றுவிட்டார். அடுத்த கேள்விக்கு அக்கா விழித்துக்கொண்டு நின்றார். "கேட்டதற்குப் பதிலளிக்கவில்லை" என்று எழுதி ஒத்திவைத்தார்கள்.

5. கண்காணிப்பாளரின் அச்சத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் டிரான்ஸ்மிட்டர் தன் சொந்த பேட்டரியில் ஓடுவது. அதுவும் சரி, ஹெட்போனும் சரி, ஆம்ப்ளிஃபையரிலிருந்து எடுப்பது குரலை மட்டுமே. துறையின் மின்பணியாளர் சோதிக்கட்டும். எந்த நேரத்திலும் அருகில் நின்று விளக்கத் தயாராக இருக்கிறேன்.

ஆகவே, கைப்பற்றிய பொருட்களைக் கூடத்துக்கே திருப்பித் தரவும், இரு இணைப்புகளையும் கூடத்தில் நிரந்தரமாக வைக்கவும் ஆணையிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். டிரான்ஸ்மிட்டர், கேபிள், ஹெட்போன் அனைத்தையும் துறைக்கே கொடுத்துவிடுகிறேன். அக்காவின் விசாரணை வரும் 9ஆம் தேதி. தன் தரப்பை அவர் ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிடுவார். கேள்வி அவர் காதில் விழுந்தால் போதும் அம்மா.

நாள்: 28.04.2024
இடம்: கடை எண் 14

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
கைப்பேசி பழுதுபார்ப்பவர்