செல்லமாகச் சொன்ன மூதி

ஐப்பசி 9, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. மதியம் ரதவீதிக் கடையில், மகள் மீனாவின் நிச்சயத்துக்குப் புடவை. மாப்பிள்ளை வீட்டார் சேரன்மகாதேவியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்கள். நல்ல பையன், என்னிடம் மரியாதை. அவன் தங்கை ஒரு பச்சைச் சேலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏளா மூதி, உனக்கு என்ன தெரியும்? கைய எடு" என்றான் அவளிடம்.

அந்தப் பெண் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். மீனாவும். நானும் சிரித்து வைத்தேன்.

10, செவ்வாய்

மழை விடவில்லை. தூக்கமும் இல்லை.

மூதி. மூதேவியைச் சுருக்கியது. வீட்டுக்குள் வரக் கூடாதவள். கல்லூரியில் தமிழ் படித்தவளுக்கு இது தெரியும். தெரிந்து என்ன? என் வீட்டுக்காரருக்கு, உப்பு கூடினால் நான் மூதி. சாவி காணாவிட்டால் மூதி. பிச்சிப்பூ வாங்கி வந்த நாளிலும், "வச்சுக்கோ மூதி."

இந்தப் பையன் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"எல்லாரும் சொல்லுததுதான. செல்லமாச் சொல்லுதான். இதுக்குப் போயி சம்பந்தத்தக் கலைப்பியா, மூதி?"

11, புதன்

வாங்க வேண்டியது: வெற்றிலை, கற்கண்டு, பன்னீர்.

மாப்பிள்ளையிடம் பேசிவிட்டு மீனா போனோடு அடுப்படிக்கு ஓடி வந்தாள். முகமெல்லாம் வெட்கம். "எம்மா, இன்னைக்கு என்னையும் மூதின்னுட்டாவ!" பரிசு கிடைத்தது போல.

"இந்த இடம் வேண்டாம்ளா."

"ஏன், அப்பா உன்னச் சொல்லலையா? நீ சிரிச்சுக்கிட்டுதான இருக்க?"

களைந்த அரிசியையே மறுபடி களைந்தேன். பிறந்ததிலிருந்து அவள் பார்த்தது என் சிரிப்பை. சிரித்துவிட்டு இங்கே வந்து நிற்பதை யார் பார்த்தார்கள்?

கடவுளே, நிச்சயத்துக்கு இன்னும் ஒரு நாள்தான்.

13, வெள்ளி

வெயில். கூடம் நிறைய ஆள். தட்டு மாற்றப் போகும்போது வீட்டுக்காரர், "ஏளா மூதி, பன்னீர்ச் செம்பு எங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை கொஞ்சம் கூடுதலாகவே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரவழைக்கவும் முடியவில்லை. சும்மா நின்றேன். ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். மீனா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

உள்ளறைக்கு வந்துவிட்டேன். பின்னாலேயே அவள். கதவைத் தாழிட்டாள். பட்டு கசங்கத் தரையில் உட்கார்ந்தாள்.

"எம்மா, ஒரு நாளும் உனக்குச் சிரிப்பு வந்ததில்லையா?"

"இல்ல."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கதவைத் தட்டுகிறார்கள். வீட்டுக்காரர் குரல். "ஏளா மூதி, நல்ல நேரம் முடியுது. தொற!"

எங்களில் யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியவில்லை. இருவரும் எழுந்திருக்கவில்லை.