மஞ்சள் தொப்பிக்காரியை உள்ளே விடு

அன்பு மகள் டோரிகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, லிடியானா, நான், மூன்று நாளாக விடாத மழை, எல்லோரும் நலம். நீயும் உன் இரவுப் பணியும் உன் ஊர்க் குளிரும் எப்படி இருக்கிறீர்கள். கர்த்தர் உன் கூடவே இருக்கிறார் என்று நம்புகிறேன், ஆனாலும் கம்பளிக் காலுறை போட்டுக்கொள். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்தவள் இப்போது உன் எதிரில் நிற்பாள். அல்லது, அவளைத் தெரிந்த அளவில் சொல்கிறேன், உன் நாற்காலியில் உட்கார்ந்து ஃப்ரிட்ஜில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் தலையில் இருக்கும் மஞ்சள் தொப்பி போன கிறிஸ்துமஸுக்கு நீ எனக்கு அனுப்பியதுதான். பயப்படாதே. யாரையும் கூப்பிடாதே. முழுவதையும் படி. போனில் சொல்லியிருக்கலாம். போனில் நான் எதையும் ஒழுங்காகச் சொல்வதில்லை, நீயும் பாதியில் தூங்கிவிடுகிறாய்.

அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. படகை வண்ணம் அடிக்கிறேன் என்று இழுத்துப் போட்டார், அது இன்னும் பாதி நீலம் பாதி பச்சையாகக் கிடக்கிறது, கோழிகள் அதற்குள் குடிவந்துவிட்டன. பள்ளிக்கூடம் விடுமுறை. நான் அதிகம் யோசிக்கிறேன். ஜூன் மாதம் நீ சொன்னாயே, இங்கே யாரும் போன் பண்ணாமல் வீட்டுக்கு வரமாட்டார்கள் அம்மா, நிம்மதியாக இருக்கிறது என்று. அந்த வார்த்தையைச் சொன்ன குரலில் நிம்மதி இல்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டேன், அதையும் சொல்லவில்லை. காரணம் இதுதான். சூவாவில் நடந்த வெளிநாட்டு கிளப்புகளின் நெட்பால் போட்டியில் நம் லாலி கிளப்பையும் சேர்த்திருந்தார்கள். கோப்பை வாங்கும் கிளப்புக்கு அடுத்த வருடப் போட்டிக்கு விமான டிக்கெட், ஆட்டக்காரிகளுக்கு மட்டுமல்ல, மேனேஜருக்கும். அடுத்த வருடம் பிரிஸ்பேன். அங்கிருந்து உன் டுவூம்பா ஒன்றரை மணி நேரம். மேனேஜர் நான்.

மேனேஜர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எழுத்து போட்ட மேற்சட்டைகளைத் துவைப்பேன். ஆரஞ்சு நறுக்குவேன். நடுவர் பார்ப்பதற்கு முன்பே பெண்களின் நகங்களைப் பார்ப்பேன். உன் தங்கை லிடியானா முதல் நாளே சிவப்புச் சாயம் பூசிய நகங்களோடு வந்து நின்றாள், வெட்டமாட்டேன் என்றாள். கெலெரா அத்தை நகவெட்டியை நீட்டி, நகம் வேணும்னா பூனையா பொறந்திருக்கணும் என்றாள். லிடியானா வெட்டிக்கொண்டாள். நீ போட்டிருந்த, கோல் தடுக்கிறவளுக்கான ஜி.டி. எழுத்து இப்போது அவள் மார்பில். முதலில் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. உன்னை விடச் சற்று முன்கோபம், உன்னை விடச் சற்று உயரம் தாவுகிறாள். பயிற்சியாளருக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டியோடும் கட்டுத்துணியோடும் உட்காரும் வேலை உன் அத்தைக்கு. அடிபட்டவர்களைப் பார்த்துக்கொள்ள. அவள் பார்த்துக்கொண்டது ஆட்டத்தை. வாய் ஒரு நிமிடம் சும்மா இல்லை.

தொடக்க நாளன்று அரங்கத்து வாசலில் நின்றேன். பெரிய உருவமாக ஒரு பெண் நேராக என்னிடம் வந்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் தலையிலிருந்து தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, சேத்து நண்டுக்கு எதுக்குடி தொப்பி என்று சொல்லிவிட்டு நடந்து போனாள். அப்போதே தெரிந்துவிட்டது. அவள் நமாரா தீவுக்காரி. நமக்கு தௌவூ, கேட்காமல் எடுக்கவும் வாய்க்கு வந்தபடி திட்டவும் உரிமை உள்ள முறை. பெயர் அக்கனிசி. பிரிஸ்பேனில் இருபது வருடமாக இருக்கிறாள், அங்கே நம்மவர்களின் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு கிளப் நடத்துகிறாள், அதன் மேனேஜராக வந்திருக்கிறாள். எனக்குத் தொப்பி போன வருத்தம் இல்லை என்று சொல்லமாட்டேன். நீ அனுப்பியது. ஆனால் கேட்கக் கூடாதே. கேட்டால் என்ன மனுஷி நான். கெலெரா சும்மா விடுவாளா. மறுநாள் அவர்கள் கூடாரத்துக்குள் போய், தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரையை அடுப்போரத்திலிருந்து பானையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அக்கனிசி வாசலில் நின்று, எடு எடு, உங்க ஊர்ல சேத்தைத்தானே திங்கிறீங்க, ஒரு நாளாவது சோறு தின்னுங்க என்று கத்தினாள். நாங்கள் தின்றோம். நன்றாக இருந்தது. இதையெல்லாம் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு நடுவர் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எங்களுக்குத் தெரியாது.

அரையிறுதியில் அவர்களும் நாமும். அவர்களுக்குக் கோல் போடுகிறவள் டாலியா என்று ஒரு பெண், பதினெட்டு இருக்கும், பிரிஸ்பேனிலேயே பிறந்தவள். கை உயர்த்தினால் வளையம்தான், தவறவே இல்லை. லிடியானா முன்னால் நின்று தாவுகிறாள், பந்து அவள் விரல் நுனிக்கு மேலே போகிறது. கடைசிக் கால்பகுதியில் நாங்கள் ஒரு கோல் பின்னால். அப்போது கெலெரா எழுந்து நின்று, ஏ தண்ணியில்லாத் தீவுக்காரி, குளிச்சிட்டு வந்து கோல் போடு, நாத்தம் தாங்கலை என்றாள். நமாராவில் கிணறு வற்றுவது ஊருக்கே தெரிந்த கதை, அதை வைத்து அவர்களைத் திட்டாத தலைமுறை உண்டா. ஆனால் இதை அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு நம்ம பேச்சு சரியா வராதாமே அண்ணி, புரியணுமேன்னுதான் என்று பிறகு என்னிடம் சொன்னாள். மரியாதை பார்த்துத்தான் செய்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. தௌவூ புரியவில்லை, நாற்றம் மட்டும் புரிந்தது. அடுத்த இரண்டு பந்தையும் தவறவிட்டாள். மூன்றாவதை எடுக்கும்போது அழுதுகொண்டிருந்தாள். அதே வேல்ஸ்காரி நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தி, கெலெராவை வெளியே போகச் சொன்னாள். ஆட்டம் முடிந்தபோது நாங்கள் ஒரு கோல் முன்னால். எங்கள் பெண்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். லிடியானா குதிக்கவில்லை. அவள் டாலியாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நடுவர் சொன்னது இரண்டு. எதிரணியின் சாப்பாட்டைத் திருடினார்கள். எதிரணிப் பெண்ணை இழிவாகப் பேசினார்கள். உண்மை என்றால் லாலி கிளப் போட்டியிலிருந்து நீக்கம், இறுதி ஆட்டத்துக்கு அக்கனிசியின் அணி போகும். தலைவியாக இருந்தவள் சமோவாக்காரி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்ன சொல்கிறீர்கள் என்று என்னைக் கேட்டாள். எங்கள் ஊர் ஆதி ஆவியும் அவர்கள் தீவின் ஆதி ஆவியும் உடன்பிறப்புகள், அதனால் ஒருவர் பொருளை ஒருவர் கேட்காமல் எடுக்கலாம், திட்டலாம், கோபப்படுவதுதான் குற்றம் என்று சொன்னேன். பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றிப் பதினைந்து பக்கம் எழுதியவள் நான். அந்த அறையில் சொல்லும்போது எனக்கே நொண்டிச் சாக்கு போலக் கேட்டது. நடுவர் குரலை உயர்த்தவில்லை. அந்தப் பெண் அழுதாள், நான் பார்த்தேன் என்றாள். அவ்வளவுதான். அவள் சொன்னதில் பிழை இல்லை. உடன்பிறப்பு என்று யாரும் சொல்லித் தராத பிள்ளையிடம் உடன்பிறப்பு உரிமையை எடுத்துக்கொண்டால் அது வெறும் வசவுதான். நான் உன்னை நினைத்துக்கொண்டேன். உனக்கு அங்கே பிள்ளை பிறந்தால் அதற்கு யார் சொல்லித் தருவார்கள். பாஸ்போர்ட் பையில் இருந்தது. வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம் என்று தோன்றியது.

பிறகு அக்கனிசியை அழைத்தார்கள். அவள் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய்யும் ஆகாது. அவள் பெண்கள் இறுதி ஆட்டம் ஆடுவார்கள். திருடினார்களா என்று தலைவி கேட்டாள். ஆமா, திருடினாங்க என்றாள். கேவலமான திருட்டு, பெரிய பானை பக்கத்துலயே இருந்தது, சின்னதைத் தூக்கிட்டுப் போனாங்க, இந்த ஊர்க்காரங்களுக்குத் திருடக்கூடத் துப்பில்லை என்றாள். திட்டினார்களா. திட்டினாங்க, அதுவும் சுமார்தான், எங்க பாட்டன் காலத்துத் திட்டு, புதுசா ஒண்ணு யோசிக்கத் தெரியலை. பிறகு தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். இது இந்தம்மாவோடது, இவ மக அனுப்பினது, உள்பக்கம் பேரு எழுதியிருக்கு, நான் திருடினேன், இவங்களை நீக்கினா எங்களையும் நீக்கணும் என்றாள். கடைசியாக நடுவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள், பொண்ணு அழுதது நிசம், அது எங்க தப்பு, எங்க வீட்டுல சொல்லிக் குடுக்கலை.

தலைவி, இரண்டு பேரையும் நீக்கினால் வேறு அணியைத் தேட வேண்டும், எனக்கு அதற்குப் பொறுமையும் இல்லை, பசி வேறு என்றாள். ஆட்டத்தின் முடிவு அப்படியே நின்றது. கெலெரா மட்டும் இறுதி ஆட்டத்துக்கு அரங்கத்துக்குள் வரக் கூடாது. நடுவர் அதை ஒப்புக்கொண்டாள். வெளியே வந்ததும் கெலெரா டாலியாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள், முகமெல்லாம் வீங்கியிருந்தது, உன் அத்தை அழுது நான் பார்த்ததில்லை. அக்கனிசி குறுக்கே வந்து, மன்னிப்புக் கேட்டுத் தொலைக்காதே, எல்லாம் கெட்டுப்போகும், பிள்ளை உன்னைத் திட்டட்டும் என்றாள். டாலியா ரொம்ப நேரம் யோசித்தாள். அப்புறம் உடைந்த நம் பேச்சில், உங்க டீமைவிட உங்க ஊர் நண்டு நேரா ஓடும் என்றாள். கெலெரா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்படிச் சிரித்தாள். சிரிப்பும் அழுகையும் எங்கே பிரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. டாலியாவுக்கும் சிரிப்பு வந்தது, முதலில் பயந்துகொண்டே.

இறுதி ஆட்டத்தில் தோற்றோம். நியூசிலாந்துக்காரிகளிடம், ஆறு கோல் வித்தியாசத்தில், நேர்மையாக. லிடியானா நன்றாக ஆடினாள், கடைசி வரை தாவினாள், இரண்டு நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. டிக்கெட் போயிற்று. வருத்தம் ஒரு மணி நேரம் இருந்திருக்கும். அரங்கத்துக்கு வெளியே கெலெரா மழையில் கூரையோரம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள், டாலியா வாசலில் நின்று ஒவ்வொரு கோலையும் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், தப்புத் தப்பாக, வேண்டுமென்றே. நடுவில் அந்தப் பானை. அதைப் பார்த்த பிறகு தோல்வி எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

விடைபெறும்போது அக்கனிசி, மேசையிலிருந்து தானே திரும்ப எடுத்துக்கொண்ட தொப்பியோடு, உன்னைப் பற்றிக் கேட்டாள். டுவூம்பாவில் முதியோர் இல்லத்தில் வேலை, தனியாக இருக்கிறாள், போன் பண்ணாமல் யாரும் வருவதில்லை என்றேன். அதெல்லாம் ஒரு வாழ்க்கையா என்றாள். வாரா வாரம் காய்கறி வாங்க அந்தப் பக்கம் போவாளாம். முகவரியைப் பிடுங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் நீ விமானம் ஏறும் முன் கடிதம் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன், ஒட்டித் தருகிறேன் என்றேன். ஒட்டினா என்ன, பிரிச்சுப் படிப்பேன், எனக்கு உரிமை இருக்கு என்றாள். அதனால் ஒட்டவில்லை. அக்கனிசி, இதை நீ படித்துக்கொண்டிருந்தால் ஒன்று சொல்கிறேன், உன் சேப்பங்கீரையில் உப்பு குறைவு.

டோரிகா, நேரத்துக்குச் சாப்பிடு. இரவுப் பணி முடிந்து ஓட்டும்போது தூக்கம் வந்தால் வண்டியை ஓரம் கட்டு. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போ, போகாவிட்டால் அப்பாவிடம் போனேன் என்று சொல், அவர் கேட்பார். அப்பாவும் லிடியானாவும் முத்தம் அனுப்புகிறார்கள், அத்தை ஒரு திட்டு அனுப்புகிறாள், அதை எழுத முடியாது. கர்த்தர் உன் வாசலையும் உன் தூக்கத்தையும் காப்பாராக. எனக்கு டிக்கெட் எப்போதாவது கிடைக்கும். அதுவரை அக்கனிசி வருவாள், கதவைத் தட்டமாட்டாள். உன் சாப்பாட்டைத் தின்பாள், உன் வீட்டைக் குறை சொல்வாள், உன்னையும். நீயும் திட்டு. திட்டு வராவிட்டால் யோசி, பழக்கம் விட்டுப்போயிருக்கும், வந்துவிடும். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒன்று செய்ய மறக்காதே. அந்தத் தொப்பியை அவள் தலையிலிருந்து பிடுங்கிக்கொள். கேட்டு வாங்காதே.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா வாசெமதா