முதலில் இனித்த வேர்

மார்ச் 3, செவ்வாய்

ஒன்பது நாள் காய்ச்சலுக்குப் பிறகு வேலைக்குப் போனேன். மேசையில் தூசி. மற்றபடி எல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தது. பொதி கட்டும் பகுதியில் ஒருத்தி, "கசப்பக்கா, ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். காய்ச்சல் என்று சொன்னால் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்பாள்.

மார்ச் 4, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கடுகுரோகிணி வேரில் ஒரு துண்டு எடுத்துக் கடித்தேன். ஒன்றும் இல்லை. மரச்சிராய் போல இருந்தது. இன்னொரு துண்டு. அதுவும் அப்படித்தான்.

பதினெட்டு வருடமாக என் வேலையே இதுதான். மருந்துச் சரக்கு வந்து இறங்கியதும் பார்த்து, முகர்ந்து, வாயில் வைத்து, சரி அல்லது இல்லை என்று எழுதுவது. அதிலும் இந்த வேருக்கு நாக்குதான் கடைசி வார்த்தை. ஒரு துண்டு கடித்தால் மத்தியானம் வரை தொண்டையில் நிற்கும் கசப்பு. இப்போது எங்கே போனது?

மார்ச் 6, வெள்ளி

உப்பு, எலுமிச்சை, காபித்தூள் — எல்லாவற்றையும் தட்டில் வைத்து ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்தேன். பைத்தியக்காரி மாதிரி. எலுமிச்சை மட்டும் லேசாகக் கூசியது. வாசனையும் பாதிதான்.

காய்ச்சலில் இருந்தே இப்படித்தானோ? சமைத்ததை நான் மட்டும்தானே சாப்பிட்டேன். வீட்டில் இன்னொரு வாய் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

மார்ச் 9, திங்கள்

நான்கு மூட்டை வந்தது. எல்லாம் நறுக்கின வேர். முழு வேராக இருந்தால் தழும்பு வளையங்களைப் பார்த்தே சொல்லிவிடுவேன். நறுக்கினால் கண்ணுக்குப் பிடிபடாது. இதே உயரத்தில் வளரும் இன்னொரு மலைச்செடியின் வேரைக் கலந்து விடுவார்கள். அதுவும் கசக்கும், அதுவும் மருந்துதான், பசி எடுக்கக் கொடுப்பார்கள். ஆனால் வாயில் வைத்ததும் ஒரு நொடி இனித்துவிட்டுத்தான் கசக்கும். அந்த ஒரு நொடிதான் என் வேலை.

மேலாளர் பக்கத்திலேயே நின்றார். "சீக்கிரம் பாருங்க. வழக்கமா வாங்குற மூணு வைத்தியருங்களும் போன் மேல போன் போடறாங்க."

கடித்தேன். முகம் தானாகச் சுளித்தது. பதினெட்டு வருடப் பழக்கம். துப்பிவிட்டு, வாயைக் கழுவிவிட்டு, 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 10

எப்போதும் அனுப்புகிற ஆள்தானே. சரியாகத்தான் இருக்கும்.

மார்ச் 14, சனி

சரியாகத்தான் இருக்கும் என்று நாலு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதே சரக்கு மூன்றாகப் பிரிந்து போயிருக்கும். சித்த வைத்தியர் காய்ச்சலுக்கும் காமாலைக்கும் கஷாயத்தில் போடுவார். யுனானி ஹக்கீம் பொடி செய்து தேனில் குழைத்துக் கல்லீரலுக்கும் வயிற்றுக்கும் கொடுப்பார். திபெத்திய வைத்தியம் பார்க்கும் அம்மா ரத்தச் சூட்டுக்கு. மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்தால் எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள், இந்த வேர் கசக்கும் என்பதைத் தவிர. அந்தக் கசப்புக்குத்தான் நான் பொய்ச் சாட்சி சொல்லியிருக்கிறேன்.

யாரிடம் கேட்பது? வேலை இடத்தில் ஒருவரிடம் நீட்டி "இது கசக்குதா பாரு" என்றால் அடுத்த நிமிடம் ஊருக்கே தெரிந்துவிடும்.

மார்ச் 17, செவ்வாய்

அந்த மூட்டைகளில் மீந்திருந்ததிலிருந்து ஏழெட்டுத் துண்டுகளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தேன். மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தொலைபேசியில் உள்ள பெயர்களை மேலிருந்து கீழே வரை பார்த்தேன். வீட்டுக்கு வா என்று கூப்பிட ஒருவர் இல்லை. ஒருவர்கூட.

மார்ச் 18, புதன்

கீழ்வீட்டுத் தையல்காரியிடம் போனேன். நான்கு வருடமாக ஒரே வாசல். "தண்ணி வந்துச்சா?", "வந்துச்சுங்க" — இதற்கு மேல் பேசியதில்லை. தைத்துக்கொண்டிருந்தவள் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"ஏங்க, ஒரு உதவி. இதைக் கொஞ்சம் கடிச்சுப் பார்த்துச் சொல்லணும்."

"என்னங்க இது, வேரா? எதுக்கு?"

"தினம் இதைக் கடிச்சுப் பார்க்கிறதுதான் என் வேலை. எனக்கு ருசி போயிடுச்சு."

சொல்லிவிட்டேன். முதல் முறையாக ஒரு மனுஷியிடம். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒரு துண்டை வாயில் போட்டாள். மறுபடி கேள்வி கேட்காமல். எனக்கு அழுகை வரப் பார்த்தது.

மென்றாள். அப்புறம் வாசலுக்கு ஓடினாள். துப்பு துப்பென்று துப்பினாள். "அட நாசமாப் போக! இதையா தினம் திங்குறீங்க? என் நாக்கை அறுத்துப் போட்டுடலாம் போல இருக்கு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. நிம்மதியில் உடம்பே லேசானது. கசக்கிறது. கசக்கிறதே, போதும்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "நல்லா ஏமாத்திட்டீங்க. முதல்ல இனிப்பா இருக்கவும் சரி ஏதோ நல்ல வேர்தான்னு கடிச்சேன்."

"என்ன சொன்னீங்க?"

"முதல்ல இனிச்சுதுங்க. அப்புறம்தான் இந்தக் கண்றாவி."

இன்னொரு துண்டு கடிக்கச் சொன்னேன். மாட்டேன் என்றாள். துண்டை நீட்டிக்கொண்டே நின்றேன். கடித்தாள். "ஆமாங்க. இதுவும் இனிக்குது."

ஐந்து துண்டுகள். மூன்று இனித்தன.

மார்ச் 19, வியாழன்

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற ஏற்பாடு பண்ணியிருப்பேனேங்க. சொல்றதுக்கு ஒரு ஆள்கூடவா இல்ல உங்களுக்கு?"

அவர் கேள்வியாகக் கேட்கவில்லை. ஆனாலும் பதில் சொன்னேன். இல்லை என்றேன்.

மூட்டைகளை நிறுத்தி வைத்தார்கள். மாதிரி வெளி ஆய்வகத்துக்குப் போனது. வைத்தியர்களுக்கு நானே போன் செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதலில் ஹக்கீம். "நேத்து ஒருத்தர் மருந்து இந்தத் தடவை வாய்க்கு நல்லா இருக்குன்னு சொன்னாரும்மா. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்" என்றார்.

திபெத்திய வைத்தியம் பார்க்கும் அம்மா விடவில்லை. "எங்களுக்கு ருசிதான் மருந்தோட முதல் அடையாளம். நீங்க ருசி பார்த்திருக்கீங்கன்னு நம்பித்தானே வாங்குறேன்?" நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

சித்த வைத்தியர்தான் என்னைக் கொன்றுவிட்டார். கோபித்துக்கொள்ளாமலே. "காமாலைக்காரர் ஒருத்தருக்கு ஆறு நாளா குடுக்குறேன். கண்ணுல மஞ்சள் இறங்கவே இல்ல. என் வைத்தியத்தையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன்." இன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம் பார்க்கச் சொல்வதாகச் சொன்னார்.

ஆறு நாள்.

மார்ச் 22

சாப்பிடவில்லை. தையல்காரி மேலே வந்து கதவைத் தட்டினாள். திறக்கவில்லை.

மார்ச் 23

மறுபடி தட்டினாள். "கதவைத் திறங்க. இல்லன்னா இங்கேயே உட்கார்ந்து பொத்தான் தைப்பேன்." திறந்தால், நிஜமாகவே படியில் சட்டைகளோடு உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 27, வெள்ளி

ஆய்வக முடிவு வந்தது. பாதிக்கு மேல் கலப்பு.

சித்த வைத்தியர் போன் செய்தார். அந்தக் காமாலைக்காரர் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். நல்ல வேளையாகச் சேர்த்தோம் என்று அங்கே சொன்னார்களாம், பயப்பட ஒன்றும் இல்லையாம். அவருக்கு ஒரு மகள் இருக்கிறாளாம், நாள் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாளாம். இதை ஏன் எனக்குச் சொன்னார்?

ஏப்ரல் 1, புதன்

என்னை அந்த மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி பொட்டலங்களில் பெயர்ச்சீட்டு ஒட்டும் பகுதி. கேட்டதும் வலித்தது, நியாயம் என்றும் தெரிந்தது. இனி ஒரு சரக்கை இரண்டு பேர் தனித்தனியாக ருசி பார்த்து எழுத வேண்டும் என்று புது விதி. நல்ல விதி.

ஏப்ரல் 4

அந்த மனிதர் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 11, சனி

தையல்காரி விடாப்பிடியாகக் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனாள். கடையை அடைத்துவிட்டு. நானே போய்க்கொள்கிறேன் என்று சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை.

டாக்டர் நாக்கில் ஏதேதோ சொட்டுவிட்டுப் பார்த்தார். காய்ச்சலில் நரம்பு பழுதாகியிருக்கிறது, திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும் என்றார். கேட்டுக்கொண்டேன். அழவில்லை.

வெளியே ஸ்கேன் எடுப்பதற்குப் படிவம் நிரப்பக் கொடுத்தார்கள். கண்ணாடியை மறந்துவிட்டிருந்தேன். அவள் வாங்கிக்கொண்டாள்.

"உங்க பேரு என்னங்க?"

நான்கு வருடம். சொன்னேன். அவள் பெயரையும் கேட்டுக்கொண்டேன். வயதைக் கேட்டாள், சொன்னேன். உடன் வந்திருப்பவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே உறவு என்று ஒரு கட்டம். நான் வேறு பக்கம் பார்த்தேன். அந்தக் கட்டத்தில் இத்தனை வருடமாகக் கோடு போட்டுத்தான் பழக்கம்.

அவள் யோசிக்காமல் எழுதினாள். எட்டிப் பார்த்தேன்; பெரிய எழுத்து, கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. தங்கை.

"நான் உங்களைவிடப் பெரியவளா?"

"ரெண்டு வயசு. இப்பத்தானே சொன்னீங்க. பேசாம உட்காருங்கக்கா, கூப்பிடப் போறாங்க."