கோடிக்கரையில் உள்ளான்

நாகப்பட்டினம்,
26.10.1969, ஞாயிறு

காளியம்மாளுக்கு,

காயாரோகணம் எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்டால், கேட்க எட்டு மாதமா என்பாய். அதனால் கேட்கவில்லை.

பூம்புகாரில் உன் அண்ணன் படகுக்கு நல்ல மீன் விழுவதாக மண்டிக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இங்கே ஓட்டல் சாப்பாடுதான். "கருவாட்டு மண்டி முதலாளி வீட்டுல கருவாட்டுக் குழம்பு கொதிச்சு எத்தன நாளாச்சு" என்று மூட்டை தூக்குகிறவன் வரை கேலி பேசுகிறான்.

நடந்ததை நான் மறைக்கப் போவதில்லை. தலையில் கூடை சுமந்து ஆளானவன் நான். கீழ்வேளூர்ப் பக்கம் மூன்று வேலி நிலம் வாங்கினேன். அறுவடைக் கூலியில் அரை மரக்கால் நெல் கூடக் கேட்டு விவசாயக் கூலிச் சங்கத்து வீரையன் ஆட்கள் வரப்பில் உட்கார்ந்தார்கள். நிலம் வைத்திருந்த எல்லோரையும் போல நானும் வெளியூர் ஆட்களை இறக்கினேன். என் மகனே போய் அந்த வரப்பில் உட்காருவான் என்று நான் கண்டேனா? கைகலப்பில் ஒருவன் மண்டை உடைந்தது. கேஸில் உலகநாதன் பெயரும் ஏறியது. போலீஸ் வாசலில் நின்று கேட்டபோது, "எனக்கு மகனே இல்ல" என்று சொன்னேன். உள்ளே நின்று நீ கேட்டுக்கொண்டிருந்தாய். அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டிவிட்டாய்.

கோபத்தில் சொன்ன சொல் அது. இப்போது அந்த அரை மரக்காலை சர்க்காரே சட்டம் போட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டது. நானும் கொடுக்கத்தான் போகிறேன். உலகு எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தெரிந்தால் போதும். நானே போய்க் கூட்டி வந்து, வக்கீல் வைத்து, ஜாமீனுக்கு நிற்பேன். இதைச் சொல்லத்தான் கடிதம். நீயும் வந்துவிடு.

ஒரு வேடிக்கை. கோடிக்கரை அரசப்பனை ஞாபகமிருக்கிறதா? ஐப்பசி பிறந்தால் நமக்கு உள்ளான் பிடித்துக் கொடுப்பானே. நீள மூக்கோடு வடக்கேயிருந்து வருகிற சின்னப் பறவை, வறுத்தால் எலும்போடு தின்னலாம் என்பாய். அந்தச் சதுப்பைச் சரணாலயம் ஆக்கி இரண்டு வருஷமாகிறது. இப்போது கண்ணி வைத்தால் ஜெயில். அந்த மடையன் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் கார்டு போட்டிருக்கிறான்: "கோடிக்கரையில் உள்ளான். உடனே வரவும்." வேறு ஒன்றும் இல்லை. தபால்காரன் முதல் ஊரே படிக்கிற கார்டில் எழுதுகிற சமாசாரமா இது? கிழித்துப் போட்டேன்.

பதில் எழுது.

காயாரோகணம்

*

மாயவரம் ஜங்ஷன்,
29.10.1969

உலகு அப்பாவுக்கு,

கடிதம் நேற்று வந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். திருத்துறைப்பூண்டி வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அந்தக் கார்டைப் பற்றி எழுதியதை நாலு தடவை படித்தேன். அரசப்பன் வருஷா வருஷம் என்ன எழுதுவார்? "உள்ளான் இறங்கியாச்சு, ஆள் அனுப்பவும்" என்றுதானே? உங்களுக்குப் படித்துக் காட்டியவள் நான். எனக்குத் தெரியாதா? இந்தத் தடவை ஆள் அனுப்பச் சொல்லவில்லை. உங்களையே வரச் சொல்லியிருக்கிறார்.

உள்ளான் என்றால் பறவை மட்டுமா? கோடிக்கரையில் உள்ளான். இருக்கிறான். என் பிள்ளை அங்கே இருக்கிறான். கேஸில் இருப்பவன் பெயரைக் கார்டில் எப்படி எழுதுவார்கள்?

நான் நேரே கோடிக்கரைக்குப் போகிறேன். நீங்களும் மண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கிளம்பி வாருங்கள். உங்களைக் கண்டால்தான் அவன் நம்புவான்.

காளியம்மாள்

*

நாகப்பட்டினம்,
31.10.1969

காளியம்மாளுக்கு, அரசப்பன் மேற்பார்வை,

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளை ஏக்கத்தில் உனக்கு எழுத்தெல்லாம் அவனாகத் தெரிகிறது. முப்பது வருஷம் சரக்குக் கடிதம் படித்தவன் நான். ஐப்பசியில் கோடிக்கரையிலிருந்து உள்ளான் என்று வந்தால் அது உள்ளான்தான். அரசப்பனுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், பூடகமாக எழுதவெல்லாம் தெரியாது.

ஞாயிறு ராத்திரியிலிருந்து இங்கே காற்றும் மழையும். ஈரம் பட்டால் சரக்கு வீண். மண்டியை விட்டு நகர முடியாது. நீ அங்கே அலையாமல் அடுத்த வண்டியில் நாகப்பட்டினம் வந்து சேர். மற்றதை நேரில் பேசலாம்.

காயாரோகணம்

*

கோடிக்கரை,
5.11.1969

காயாரோகணம் அவர்களுக்கு,

தாலி கட்டிய நாள் முதல் உங்கள் பெயரை நான் சொன்னதும் இல்லை, எழுதியதும் இல்லை. இன்று எழுதுகிறேன். உலகு அப்பா என்று எழுதக் கை வரவில்லை.

அவன் இங்கேதான் இருந்தான்.

அரசப்பன் இப்போது பறவைகளைக் கொல்வதில்லை. பம்பாயிலிருந்து பறவை ஆராய்கிறவர்கள் வந்து தங்கியிருக்கிறார்கள். இவர் வலையில் பிடித்துக் கொடுக்கிறார். அவர்கள் காலில் நம்பர் போட்ட வளையம் மாட்டி, எடை பார்த்துப் பறக்க விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு நோட்டு எழுத ஒரு ஆள் வேண்டியிருந்தது. புரட்டாசியிலிருந்து எழுதியது உலகுதான். நோட்டைக் காட்டினார்கள். தேதி, வளைய நம்பர், பறவையின் பெயர் எல்லாம் அவனுடைய சாய்ந்த எழுத்து. பெயர் வரிசையில் பக்கம் பக்கமாக உள்ளான், உள்ளான் என்றே இருக்கிறது. எனக்குப் படிக்க முடியவில்லை.

அரசப்பன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணி, கார்டுல என்ன எழுதணும்னு தம்பிதான் சொல்லுச்சு. பேரு போட்டா போலீஸு வந்துரும்னுச்சு. அண்ணனுக்கு வெளங்குமாடான்னு கேட்டேன். எங்க அப்பாவுக்கு வெளங்காத சரக்கு உண்டான்னு சிரிச்சுது. அவங்க வந்து கூட நின்னா கோர்ட்டுல ஆஜராயிடுறேன், இல்லாட்டி அக்கரைக்குப் போறதத் தவிர வழியில்லன்னுச்சு. தெனம் மூணு மணி வண்டிக்குப் போயி நிக்கும். வண்டி போனப்புறம் வந்து வலையப் பிரிக்கும்."

பதினான்கு நாள் அப்படிப் போய் நின்றிருக்கிறான். பிறகு துணி ஏற்றிக்கொண்டு இலங்கைக்குப் போகிற தோணியில் ஏறிவிட்டான். அது ஞாயிற்றுக்கிழமை, இருபத்தாறாம் தேதி. நீங்கள் உட்கார்ந்து எனக்கு வேடிக்கை எழுதிய அன்று. அன்று ராத்திரியே காற்று எழும்பியது உங்களுக்கே தெரியும், எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தோணி அக்கரை சேரவில்லை என்று யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டார். ஐந்து பேர்.

நேற்று அரசப்பன் என்னைச் சதுப்புக்குக் கூட்டிப் போனார். பையன் உட்காருகிற இடத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். தண்ணீர் தெரியாமல் பறவை. பூநாரை கூட்டமாகத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சேற்றை அரிக்கிறது. உலகு உட்கார்ந்த பலகை கிடந்தது. சாயங்காலம் வரைக்கும் அதிலேயே இருந்தேன்.

உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. நாலே சொல். அதில் ஒரு இடத்தில்கூட உங்களுக்குப் பிள்ளை ஞாபகம் வரவில்லை, வியாபாரம்தான் வந்தது. நான் பிறகு எழுதிச் சொன்ன அப்புறமும் அதுதான் வந்தது.

நான் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். இனி எனக்கு எழுத வேண்டாம்.

காளியம்மாள்

*

கோடிக்கரை,
25.10.1970, ஞாயிறு

காளியம்மாளுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஒரு வருஷம் எழுதவில்லை. இந்த ஒன்றையும் நீ படிக்காவிட்டால் பரவாயில்லை.

மண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டேன். புரட்டாசி பிறந்ததும் இங்கே வந்தேன். அரசப்பன் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "வலையப் புடிங்க, சும்மா நிக்காதீங்க" என்றார். இப்போது நோட்டு எழுதுவதும் நான்தான். என் எழுத்து கோழி கிளறியது போல இருப்பதாகப் பம்பாய்க்காரர்கள் சொல்கிறார்கள். உலகு எழுதிய பக்கங்களுக்குக் கீழேயே எழுதச் சொல்கிறார்கள். நான் புது நோட்டு வாங்கிக்கொண்டேன்.

இருபது வருஷம் உள்ளான் விற்றிருக்கிறேன். டஜன் கணக்கில்தான் தெரியும். ஒன்றைத் தனியாகக் கையில் வைத்துப் பார்த்ததில்லை. மூடிய கைக்குள் அதன் நெஞ்சு அடிப்பது விரலில் தெரிகிறது. விற்ற காலத்தில் அது தெரிந்திருந்தாலும் நான் விற்றிருப்பேன். உன்னிடம் பொய் எழுதி என்ன ஆகப் போகிறது?

போன புதன்கிழமை வலையில் ஏற்கெனவே வளையம் போட்ட ஒன்று விழுந்தது. நம்பரைப் பழைய நோட்டில் தேடினோம். போன வருஷம் அக்டோபர் இருபத்தைந்து, சனிக்கிழமை. உலகு எழுதியது. அவன் எழுதிய கடைசி வரி அதுதான். பெயர், எடை எல்லாம் எழுதிவிட்டு, குறிப்பு என்ற இடத்தில், "நல்ல நிலையில் விடப்பட்டது" என்று எழுதியிருக்கிறான். நானும் எடை பார்த்தேன். அதே வார்த்தையைத்தான் எழுதினேன். எழுதி முடிக்க வெகு நேரம் ஆயிற்று.

தினம் மூன்று மணி வண்டிக்குப் போய் நிற்கிறேன். அவன் வருவான் என்று இல்லை, எனக்குப் புத்தி இருக்கிறது. அவன் நின்ற நேரத்துக்கு நான் அங்கே வராதவன். அந்த நேரத்துக்கு இப்போது வந்து நிற்கிறேன், அவ்வளவுதான். ஸ்டேஷன் மாஸ்டர், "யாரை எதிர்பாக்குறீங்க அய்யா" என்று முதல் வாரம் கேட்டார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார்.

உன்னை வரச் சொல்லி எழுத எனக்கு வாய் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். பூம்புகாரில் யாராவது, உன் புருஷன் எங்கே இருக்கிறார் என்று கேட்டால், தெரியாது என்று சொல்லாதே. உள்ளார் என்றும் சொல்ல வேண்டாம், அந்த மரியாதைக்கு நான் ஆகமாட்டேன். கோடிக்கரையில் உள்ளான் என்று சொல்லிவிடு.

உலகு அப்பா