ஸ்வேயா தாழிட்டுக்கொண்ட கதவு

கால்மர்,
திங்கட்கிழமை காலை

அன்புள்ள ஹோக்கன்,

ஸ்வேயா நலமாக இருக்கிறாள். முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவுவாய். இப்போது எனக்கு எதிரில் உட்கார்ந்து கஞ்சி சாப்பிடுகிறாள். உதடு வீக்கம் வற்றிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றே அனுப்பிவிட்டார்கள்.

கப்பலுக்குப் போன் போட்டால் லைன் பாதியில் அறுந்துவிடுகிறது. எந்த இடத்தில் அறுந்து தொலைக்குமோ என்று பயந்துதான் சின்னச் செய்தி மட்டும் அனுப்பினேன். இந்தக் கடிதம் ராட்டர்டாம் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்டிடம் உனக்காக இருக்கும். பொறுமையாகப் படி.

சனிக்கிழமை லோவிஸுக்கு ஒன்பதாவது பிறந்தநாள். வகுப்புப் பெண் பிள்ளைகள் எல்லாரையும் அழைத்திருந்தார்கள். லோவிஸின் அம்மா பெர்னில்லா ஒன்றுக்கு மூன்று தடவை போன் செய்து ஸ்வேயாவின் வேர்க்கடலை ஒவ்வாமை பற்றிக் கேட்டுக்கொண்டாள். கேக் மாவின் உறையைப் படம் எடுத்துக்கூட அனுப்பினாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

நான் ஸ்வேயாவுக்கென்று ஒரு மிட்டாய்ப் பை கொண்டுபோயிருந்தேன். மீன்பிடி விளையாட்டு உண்டல்லவா, வாசல்படியில் தொங்கவிட்ட போர்வைக்கு மேலே தூண்டிலை வீசினால் அந்தப் பக்கம் லோவிஸின் அப்பா யோர்கன் பை கட்டிவிடுவார், அதற்காக. பெர்னில்லா அதை வாங்கிக்கொள்ளவில்லை. "தனிப் பையெல்லாம் எதுக்கு இல்வா? எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் போட்டிருக்கேன். அவ மட்டும் தனியாத் தெரிய வேணாம் பாரு" என்றாள். பைக்குள் பார்த்தேன். கார் வடிவ ஜெல்லி மிட்டாய்களும் மீன் வடிவப் புளிப்பு மிட்டாய்களும்தான் இருந்தன, சாக்லேட் ஒன்றுகூட இல்லை. இதற்குமேல் கிளறினால் சந்தேகப்படுவதாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஒவ்வாமை வந்தால் உடனே தொடையில் குத்த வேண்டிய ஊசிப் பேனாவைக் கொடுத்தேன். சின்னப் பிள்ளைகள் கை படாமல் இருக்கட்டும் என்று குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்தாள்.

மற்ற அம்மாக்கள் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள், நானும் கிளம்பினேன். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. சிரிக்காதே. தெருமுனையில் காரை நிறுத்திக்கொண்டு ரேடியோ கேட்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

பெர்னில்லா போனில் கூப்பிட்டாள். "ஸ்வேயா பாத்ரூமுக்குள்ள போயித் தாழ் போட்டுக்கிட்டா. கூப்பிட்டாத் திறக்க மாட்டேங்கிறா. அம்மா ஞாபகம் வந்திருச்சு போல. நீ கொஞ்சம் பேசிப் பாக்கிறியா?"

நான் பேசவில்லை, ஓடினேன். சேறும் பனியுமாக இருந்த பூட்ஸைக் கழற்றாமல் அவர்கள் வீட்டு மரத்தரையில் ஓடினேன். அந்த நேரத்திலும் பிள்ளைகளில் ஒருத்தி என் காலைத்தான் பார்த்தாள். யோர்கன் கதவுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "திறக்கலாம்தான். ஆனா பெண் பிள்ளை, உள்ள எப்படி இருக்கோ, கூச்சப்படுவாளே" என்றார். நான் அவரைப் பார்த்துக் கத்தியதை இங்கே எழுத முடியாது. கால்சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து, வெளியிலிருந்தே தாழைத் திருகினார்.

கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்திருந்தாள். முகம் அவள் முகமாக இல்லை. மூச்சு இழுத்தது. வாஷ்பேசின் குழாய் முழுசாகத் திறந்து ஓடிக்கொண்டிருந்தது. இருமல் சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று திறந்துவிட்டிருந்தாள், ஹோக்கன். என் கைப்பையிலிருந்த இன்னொரு ஊசியைத் தொடையில் குத்தினேன். குத்தும்போது என் காதில் சொன்னாள்: "கேக் வெட்டி முடியிற வரைக்கும் பொறுத்துக்கலாம்னு பாத்தேம்மா."

ஆம்புலன்ஸில் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். டாக்டர் சொன்னதை நீ வந்தபிறகு சொல்கிறேன்.

நேற்று மாலை பெர்னில்லா வந்தாள். உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்று அழுதாள். மிட்டாய்களைக் கடையில் திறந்த பெட்டிகளிலிருந்து அள்ளி வந்திருக்கிறாள். "ஒவ்வொரு பெட்டி மேலயும் எழுதியிருந்ததைப் படிச்சுப் படிச்சுத்தானே எடுத்தேன்" என்றாள். படித்திருப்பாள். வேர்க்கடலைப் பெட்டிக் கரண்டியை ஜெல்லிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றிப் பெட்டியின் மேல் யார் எழுதுவார்கள்? சனிக்கிழமைகளில் நம் ஊரே அப்படித்தானே அள்ளுகிறது. அவளைக் கட்டிக்கொண்டேன். கோபம் இல்லை என்றேன். இருக்கிறது. ஆனால் பெரிய கோபம் அவள்மேல் இல்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஸ்வேயாவிடம், ஏன் யாரையும் கூப்பிடவில்லை என்று கேட்டாள். "எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க. என்னால கெட்டுப்போக வேணாம்னு" என்றாள் இவள். நர்ஸ் உருகிப்போய், "எவ்வளவு சமத்துப் பிள்ளை" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. நாமும் அதைத்தானே சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம்? ரயிலில், உன் அண்ணன் வீட்டில், ஓட்டலில் நாம் மறுபடி மறுபடி உறையைக் கேட்டுப் படித்து முடிக்கும்வரை பசியோடு அடம்பிடிக்காமல் காத்திருப்பாள், இவளால் யாருக்கும் தொந்தரவே கிடையாது என்று எத்தனை பெருமை நமக்கு.

அடுத்த வாரம் இன்னொரு வீட்டில் பிறந்தநாள். போகட்டுமா என்று காலையில் கேட்டாள். கஞ்சியைக் கிளறிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். போ என்றேன். சொன்னபிறகு குளியலறைக்குப் போய் அழுதேன். இந்தத் தடவை நானும் கூடவே போவேன். அவள் மிட்டாய்ப் பையை நான்தான் கொண்டுபோவேன். யார் என்ன நினைத்தாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமை கப்பல் ராட்டர்டாமில் நிற்கும்போது நீ போன் செய்வாய். அவளே உனக்கு எல்லாம் சொல்வாள். சொல்லி முடித்துவிட்டு, நீ மெச்சுவாய் என்று காத்திருப்பாள். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், தைரியசாலி என்று சொல்லாதே, சமத்து என்று சொல்லாதே. எங்கே, மூச்சு முட்டினால் எப்படிக் கத்துவாய், கத்திக் காட்டு என்று கேள். மெதுவாகத்தான் ஆரம்பிப்பாள். போதவில்லை என்று சொல். கப்பலில் உன் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்வரை கத்தச் சொல். நீ காதிலிருந்து போனை எடுக்காதே.

கடல் உன்னை நல்லபடியாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
இல்வா