ஐந்நூறு புத்தகங்களின் முதுகு

12.2.2004, வியாழன்
வாணியம்பாடியிலிருந்து நம் பிரஸ்ஸுக்கு உருது புத்தக ஆர்டர். எழுதியவர் மக்தூம் சாகிபு என்ற சூஃபி பெரியவர். தன் வாழ்க்கையையும் அதில் கண்ட ஞானத்தையும் எழுதியிருக்கிறாராம். ஐந்நூறு பிரதி. "இங்கன எவனுக்காச்சும் உருது தெரியுமாலே?" என்றார் முதலாளி மணிகண்டராஜ். பைண்டிங் மேஸ்திரி நான்தானே, கையைத் தூக்கினேன். ஆம்பூர் தோல் மண்டியில் எட்டு மாதம் கிடந்தவன் நான். சாகிபோடு ஒரே பெஞ்சில் டீ குடித்ததையும் சொன்னேன். (யாரோ ஒரு தாடிக்காரர். இருக்கட்டும்.)

16.2.2004
பைண்டிங்கில் அக்கா மகள் செல்வலட்சுமி குறுக்கே பேசினாள்.
"மாமா, அவுக அனுப்புன மாதிரிப் புத்தகத்துல ஒட்டுற முதுகு வலப்பக்கம்லா இருக்கு?"
"நீ உருது எம்புட்டுப் படிச்சிருக்க? பேசாம ஒட்டு."
எல்லோரும் சிரித்தார்கள். ஐந்நூறையும் தமிழ்ப் புத்தகம்போல இடப்பக்கமே ஒட்டி முடித்தாயிற்று.

19.2.2004
புத்தகத்திலிருந்து நாலு வரி தெரிந்துகொண்டால் பிரஸ்ஸில் எடுத்துவிடலாமே என்று விருதுநகர் அத்தர் கடைப் பாயிடம் ஒரு பிரதியை நீட்டினேன். திறந்தார். கடைசிப் பக்கம் வந்தது. சிரித்தார்.
"என்ன அண்ணாச்சி, உருது வலமிருந்துல்லா படிக்கணும்? வாசலக் கொண்டுபோயி கொல்லையில வச்சிருக்கீக?"
பிரதியைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவர் பாட்டுக்குப் படித்துச் சொன்னார். சாகிபு இளவயதில் குருவின் கவிதையைத் தன்னுடையதென்று சபையில் பாடிப் பேர் வாங்கினாராம். முப்பது வருடம் கழித்து, குருவைப் புதைத்த இடத்தில் போய் அழுது ஒப்புக்கொண்டாராம். கீழே எழுதியிருக்கிறார்: 'மண் எதையும் மறுக்காது. அதனிடம் சொல்வது சுலபம். கேட்கிற காது உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிடு.'
எதற்கு இந்தப் பக்கத்தைப் போய் படித்தார்?

20.2.2004
முதலாளி கண்டுபிடித்துவிட்டார். "எவன் செஞ்ச வேலைலே இது?"
வாயைத் திறந்தேன். "செல்வலட்சுமிதான் ஒட்டுனா" என்று வந்தது.
பொய் இல்லையே? ஒட்டியது அவள்தானே?
அவள் என்னைப் பார்த்தாள். திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று முதலாளி அவளிடம் சொல்லிவிட்டார்.

21.2.2004
அவள் விஸ்வநத்தத்தில் பட்டாசுக்கு மருந்து செலுத்தப் போகிறாளாம். அந்த மருந்து ரூமில்தான் முன்னே அக்காவின் இரண்டு கையும் வெந்தது. வெந்த கையாலேயே எனக்குக் காப்பி கொடுத்து, "தம்பி, மொதலாளிட்ட ஒரு வார்த்த சொல்லேன்" என்றாள்.
எனக்கு ஐம்பத்துமூணு வயசு. என்னய வெளிய அனுப்பிட்டா எவன் வேலை குடுப்பான்? — தெருவுல ஏதோ வெடிச்சுது. கல்யாண வெடிதான். டம்ளரக் கீழ போட்டுட்டேன்.

22.2.2004
காது உயிரோடுதான் இருக்கிறது.

23.2.2004
முதலாளி வருமுன்பே வாசலில் நின்றேன். சொன்னேன். உருது தெரியாது என்பதையும், ஆம்பூர் டீக் கதையையும் சேர்த்து.

27.2.2004
முதுகை வெட்டிவிட்டு வலப்பக்கம் ஒட்டுகிறோம். புத்தகம் அரை அங்குலம் சிறுக்கும். சாகிபு பரவாயில்லை என்றாராம். என் மேஸ்திரி நாற்காலியில் இப்போது, எனக்குக் கீழே வேலை பார்த்த சங்கையா. திரும்ப வந்துவிட்ட செல்வலட்சுமி பசை தடவுகிறாள், நான் தாள் எடுத்துக் கொடுக்கிறேன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் கேட்கிறாள்: "மாமா, இது எந்தப் பக்கம்?"
"தெரியாது தாயி. நீயே சொல்லு."
இன்று மட்டும் இருநூறு தடவை சொல்லியிருப்பேன். சரி, நூற்றுப்பத்து.